கொத்தவரங்காய்ச் சம்பந்தம்

திங்கட்கிழமை காலையில் இட்லிக்கு முதல் நாள் மீன்குழம்பைத் தொட்டுக்கொள்வது சவரியப்பன் வீட்டில் கல்யாணமான நாளிலிருந்து மாறாத வழக்கம். ஞாயிற்றுக்கிழமை வைத்த குழம்பு ராத்திரி முழுக்கச் சட்டியிலேயே ஊறி, காலையில் சுடவைக்கும்போது கெட்டியாக இழுத்துக்கொண்டு வரும் பாருங்கள், அதற்காகத்தான் ஆண்டவர் ஞாயிறுக்கு அடுத்தாற்போல் திங்களைப் படைத்தார் என்பது அவருடைய கட்சி. அப்படிப்பட்ட ஒரு திங்கட்கிழமையில் தட்டில் இட்லியும் ஓரமாகக் கொஞ்சம் தேங்காய்ச் சட்னியும் மட்டும் இருந்தன.

"அமலோ, குழம்பு எங்க?"

"ரெஜின் வந்து எடுத்துட்டுப் போயிட்டான்" என்றாள் அமலோற்பவம் சமையலறையிலிருந்து.

"சட்டியோடயா?"

"சட்டியோடதான். சட்டிய விட்டுட்டுப் போனா மாமா வழிச்சு நக்கிடுவாருன்னு சொன்னான்."

ரெஜின் அமலோற்பவத்தின் தம்பி. கதிர் அறுக்கும் மெஷினை வாடகைக்கு விடுகிறவன். தை மாதம், சம்பா அறுப்பு நடக்கிற நேரம். அவனுக்குத் தூங்கவே பொழுதில்லை. அக்கா வீட்டு மீன்குழம்பைத் தூக்கிக்கொண்டு போக மட்டும் பொழுது இருந்திருக்கிறது.

சவரியப்பனால் அவனைத் திட்டவும் முடியவில்லை. வம்பை விலைக்கு வாங்கியவர் அவரேதான்.

விஷயம் இதுதான். மகள் ஆஷ்லின் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். பொங்கல் லீவுக்குத் திருவையாற்றுக்கு வந்தவள், கூட வேலை பார்க்கும் நவநீத் என்ற பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுவதாகச் சொன்னாள். மாயவரத்துப் பையன். சவரியப்பன் மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த விஷயத்தில் அவர் தாராள மனசுக்காரர். காலையில் மாதா கோயிலில் ஒரு முறை, சாயங்காலம் மண்டபத்தில் ஒரு முறை, இரண்டு இடத்திலும் சாப்பாடு என்று அவரே திட்டம் போட்டுவிட்டார். சாப்பாடு என்ற இடத்துக்கு வந்ததும்தான் தடுக்கி விழுந்தார்.

"அவங்க வீட்ல சைவம்ப்பா" என்றாள் ஆஷ்லின்.

"சைவம்னா எந்த அளவுக்கு?"

"முட்டைகூடக் கிடையாது."

சவரியப்பன் பையனின் குடும்பத்தில் ஏதோ தீராத வியாதி இருப்பதைக் கேள்விப்பட்டவர் போல உட்கார்ந்திருந்தார்.

"அங்க போய் நீ எப்படிம்மா காலம் தள்ளுவே? மூணு வயசுல விரால் தலையை உறிஞ்சின பொண்ணு நீ. வேண்டாம்மா. இது மனுஷங்களால ஆகாத காரியம்."

"ஏன் ஆகாது? நீங்க ஒரு வாரம் இருந்து காட்டுங்க. நீங்க இருந்துட்டா நான் ஆயுசுக்கும் இருப்பேன். உங்களால முடியலன்னா இந்தப் பேச்சையே நான் விட்டுடறேன்."

"ஒரு வாரம் என்ன பெரிய வாரம்? தவக்காலம் முழுக்க வெள்ளிக்கிழமை தவறாம சுத்தபோசனம் இருக்கிறவன் நான்."

"சுத்தபோசனத்தன்னிக்கு நீங்க மீன் சாப்பிடுவீங்கப்பா."

"மீன் மாமிசத்துல சேராது."

"அது மீனுக்குத் தெரியுமா?"

சுத்தபோசன நாளில் மாமிசத்தைத்தான் சபை விலக்கச் சொல்கிறதே ஒழிய, மீனைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அந்தச் சந்து வழியாகத்தான் சவரியப்பன் இத்தனை காலம் தன் பக்தியை நடத்திக்கொண்டு வந்திருந்தார். ஆனாலும் திங்கட்கிழமையிலிருந்து ஒரு வாரம் என்று மகளிடம் வாக்குக் கொடுத்துவிட்டார்; அவளும் லீவு முடிந்து சென்னைக்குப் போய்விட்டாள். அதற்கு உள்ளூர ஒரு காரணம் இருந்தது. இந்தப் போட்டியில் தோற்றால்தான் அவருக்கு லாபம். இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, "என்னாலயே முடியலையேம்மா" என்று கையை விரித்துவிட்டால், கல்யாணப் பேச்சு தானாக நின்றுவிடும். பெண்ணும் விரால் தலையோடு பக்கத்திலேயே இருப்பாள்.

காரியம் கெட்டது ரெஜினால்தான். "மாமாவா? ஒரு வாரமா? ஒரு வேளை தாங்கமாட்டாரு" என்று அவன் கடைத்தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போய்விட்டான். அதற்கப்புறம் இரண்டே நாளில் தோற்பது என்பது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. புதன், வியாழன் வரைக்குமாவது ஓட்டினால்தான் கௌரவமாகத் தோற்க முடியும்.

சட்னியைத் தொட்டு ஒன்றரை இட்லி உள்ளே போனதும் சவரியப்பன் பங்குத்தந்தைக்குப் போன் போட்டார்.

"ஃபாதர், ஒரு சந்தேகம். மீன் சுத்தபோசனத்துல சேத்திதானே?"

பங்குத்தந்தைக்குச் சமாச்சாரம் ஏற்கெனவே எட்டியிருந்தது. "சபை அனுமதிக்குது, சவரியப்பன். சம்பந்தி வீட்ல அனுமதிக்கிறாங்களான்னு நீங்கதான் கேக்கணும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

"தவக்காலமே இன்னும் வரல, ஊர்ல எனக்கு மட்டும் தவக்காலம்" என்று முனகிக்கொண்டே சவரியப்பன் கடைக்குக் கிளம்பினார்.

கடை என்பது பம்புசெட் மோட்டார் விற்பதும், எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டித் தருவதும். வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அந்தக் கடைக்கு ஒரே சுவர் தள்ளி ஷஹ்பாஸின் பிரியாணிக் கடை. இத்தனை வருஷமாக அதை ஒரு வசதி என்றே சவரியப்பன் நினைத்திருந்தார். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ஷஹ்பாஸ் தம்மைத் திறந்தபோதுதான் அது எப்பேர்ப்பட்ட இடைஞ்சல் என்று புரிந்தது.

போதாக்குறைக்குப் பக்கத்து ஊரான செந்தலையிலிருந்து ஒரு விவசாயி பிளாஸ்டிக் வாளியோடு வந்து நின்றார். போன மாதம் அவர் மோட்டாரைச் சவரியப்பன் ராத்திரி பகல் பார்க்காமல் சரிசெய்து கொடுத்திருந்தார்.

"குளத்தை இறைச்சோம்ங்க. உங்க ஞாபகம் வந்துச்சு. எல்லாம் உசுரோட இருக்கு பாருங்க."

வாளிக்குள் நாலு விரால் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் முழங்கை நீளம். அதில் ஒன்று தலையைத் தூக்கிச் சவரியப்பனைப் பார்த்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு அனுப்பினால் ரெஜின் அடித்துக்கொண்டு போய்விடுவான். திருப்பிக் கொடுத்தால் விவசாயி மனசு கோணும். எனவே வாளியோடு ஷஹ்பாஸிடம் கொடுத்தார். மத்தியானம் ஷஹ்பாஸ் அதில் இரண்டை மசாலா தடவி வறுத்தான். தானம் கொடுத்த மீன் வாசனையாகச் சுவர் தாண்டித் திரும்பி வந்தது. சவரியப்பன் அன்றைக்குக் காயில் கட்டிய மோட்டார், மறுநாள் ஓடவிட்டபோது தலைகீழாகச் சுற்றியது.

வாசனைக்குத் தப்புவதற்காகச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடைத்தெருவில் ஒரு சைவ மெஸ்ஸுக்குப் போனார். சாம்பார் இரண்டு தடவை, வத்தக்குழம்பு, ரசம், மோர், நடுவே அப்பளம் என்று வயிறு முட்டச் சாப்பிட்டார். மூன்று மணிக்குச் சாப்பிடவே இல்லை போல இருந்தது. வடை தின்றார். அது போய்ச் சேர்ந்த இடம் தெரியவில்லை. பஜ்ஜி தின்றார். பிறகு போண்டா. சாயங்காலம் வயிறு இரைந்த இரைச்சலில், ஓடாத மோட்டாரை ஓடுவதாக நினைத்து ஒரு வாடிக்கையாளர் எட்டிப் பார்த்தார். புதன்கிழமை முழுக்கச் சுக்குக் கஷாயம்.

வியாழக்கிழமை மனிதர் கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். அதைப் பார்த்து ஷஹ்பாஸுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, வாங்க. உங்களுக்குன்னு காளான் பிரியாணி போட்டிருக்கேன்."

"காளான் சைவமாடா?"

"மண்ணுல முளைக்குதுண்ணே. அதுக்குக் காலும் இல்ல, செதிலும் இல்ல."

சவரியப்பன் கடையின் கோடி மேசையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். முதல் வாய் போட்டதும் போன உயிர் உடம்புக்குத் திரும்பி வந்தது. இரண்டாவது தட்டு பாதியில் இருக்கும்போது, மெஷின் ஆட்களுக்குப் பிரியாணி வாங்க ரெஜின் உள்ளே வந்தான். மாமாவின் முதுகைப் பார்த்தான். முழங்கை போய் வருகிற வேகத்தைப் பார்த்தான். சத்தம் போடாமல் வெளியே போய் அக்காவுக்குப் போன் செய்தான்.

"அக்கா, மாமா கவுந்துட்டாரு."

அமலோற்பவம் அடுப்பை அணைத்துவிட்டு, கட்டியிருந்த சேலையோடு ஓடி வந்தாள். அவளுக்கு நவநீத்தை ரொம்பப் பிடித்திருந்தது. பையன் போனில் பேசும்போதெல்லாம் "சாப்பிட்டீங்களாம்மா" என்று கேட்கிறான். இந்த வீட்டில் அவளை அப்படி யாரும் கேட்டதில்லை.

"என்னங்க இது?"

"காளான்! வேணா கிளறிப் பாரு!" சவரியப்பன் தட்டைத் தூக்கிக் காட்டினார்.

அமலோற்பவம் கிளறிப் பார்த்தாள். காளான்தான். ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. பிறகு ஒரு பருக்கையை எடுத்து மோந்து பார்த்தாள்.

"ஷஹ்பாஸ் தம்பி, காளான் சரி. இந்தச் சோறு?"

ஷஹ்பாஸ் தலையைச் சொறிந்தான். "சோறு... காளான் தனியாத்தான்க்கா வதக்கினேன். சோறு மட்டும் மட்டன் தேக்சாவுல மேலாப்புல அள்ளினது. ஒரு ஆளுக்காகத் தனியா தம் போட முடியுமாக்கா?"

"பாத்தியாக்கா, மட்டன் சாறு எறங்கின சோறு!" என்று ரெஜின் கையைத் தட்டினான். "போட்டி முடிஞ்சுது. மாமா அவுட்டு."

அங்கேயே நின்று ஆஷ்லினுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் எல்லாம் சொன்னான்.

"சரிப்பா" என்றாள் ஆஷ்லின். குரல் கம்மியிருந்தது. "வாக்குன்னா வாக்குதான். நான் விட்டுடறேன். நீங்க நல்லா சாப்பிடுங்க. உடம்பப் பாத்துக்கங்க."

சவரியப்பன் எதற்காகக் காத்திருந்தாரோ அது நடந்துவிட்டது. கௌரவமாகத் தோற்றாகிவிட்டது, யாரும் குறை சொல்ல முடியாது. துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் "நீங்க நல்லா சாப்பிடுங்க" என்று மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னது அவரால் தாங்க முடியவில்லை. வாயில் இருந்த பிரியாணி கசந்தது. அவள் அழாத குறையாகப் பேசி அவர் கேட்டதில்லை. பிளஸ் டூ பரீட்சையில் கணக்கில் கோட்டைவிட்டபோதுகூடச் சிரித்துக்கொண்டே வந்தவள்.

"யாரு விடச் சொன்னது?" என்று கத்தினார். "மட்டன் தேக்சான்னு எனக்குத் தெரியுமா? தெரியாம சாப்பிட்டா கணக்குல வராது! தெரிஞ்சு சாப்பிட்டாத்தான் தப்பு. எந்தச் சாமியாரை வேணா கேளு. போட்டி இன்னும் முடியல!"

"மாமா, அது எப்படி..." என்று ரெஜின் ஆரம்பித்தான்.

"நீ சட்டியத் திருப்பிக் குடுத்துட்டுப் பேசு!"

ஆஷ்லின் சிரித்துவிட்டாள். ஷஹ்பாஸும் சிரித்தான். அமலோற்பவம் மட்டும் சிரிக்கவில்லை. "தெரியாம சாப்பிட்டா கணக்குல வராதா?" என்று புருஷனை ஒரு தரம் கேட்டாள். "வராது" என்றார் அவர் கண்டிப்பாக. "இனிமே வெளிய ஒண்ணும் தொடக் கூடாது. மூணு வேளையும் வீட்டுச் சாப்பாடுதான்" என்று சொல்லிவிட்டு அவள் யோசித்துக்கொண்டே நடந்து போனாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டிபன் கேரியரில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் கொத்தவரங்காய்ப் பொரியலும் வந்தன. கொத்தவரங்காயைச் சவரியப்பன் அதுவரை ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. வேண்டாவெறுப்பாக ஒரு வாய் போட்டார். நிறுத்தினார். இன்னொரு வாய் போட்டார். பிறகு கேரியரின் அடித்தட்டு வரை விரலால் வழித்தார்.

"ஷஹ்பாஸ்! இங்க வாடா! கொத்தவரங்காய் தின்னிருக்கியா நீ?"

ஷஹ்பாஸ் வந்து, மிச்சமிருந்த ஒரு துண்டை வாயில் போட்டான். மெதுவாக மென்றான். சவரியப்பனை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"எப்படி?"

"அக்கா கைக்குத் தங்க வளையல் போடணும்ணே" என்றான் ஷஹ்பாஸ். வேறொன்றும் சொல்லவில்லை. அவன் வியாபாரி, அடுத்தவர் சமையலறை ரகசியத்தில் மூக்கை நுழைப்பதில்லை.

அந்த நிமிஷத்திலிருந்து சவரியப்பன் புது மனிதர். மோட்டார் வாங்க வந்தவர்களிடமெல்லாம் காய்கறியின் பெருமையைப் பேசினார். மீன் தின்பது நாக்கின் சோம்பேறித்தனம் என்றார். காய்க்குள் ஒளிந்திருக்கும் ருசியைத் தேடி எடுக்கப் பொறுமை வேண்டும் என்றார். எப்போதும் ஷஹ்பாஸ் கடை வாசலிலேயே பழியாகக் கிடக்கும் சாம்பல் பூனை அன்றைக்கே இடம் மாறி, இவருடைய டிபன் கேரியரைச் சுற்றிச் சுற்றி வந்து கத்த ஆரம்பித்தது.

"பாத்தியா ரெஜின், பூனைக்கே கொத்தவரங்காய் ருசி புரிஞ்சு போச்சு. உனக்கு எப்பத்தான் புரியப்போகுதோ!"

அந்த உற்சாகத்திலேயே அன்று ராத்திரி வீட்டிலிருந்து மகளுக்குப் போன் போட்டார்.

"ஞாயித்துக்கிழமையோட என் வாரம் முடியுது. நவநீத்தோட அப்பா அம்மாவ அன்னிக்கு நம்ம வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லு. பெரியவங்க நாங்க பேசிக்கறோம்."

"அவங்கப்பா இன்னும் பிடி கொடுக்கலப்பா. நம்ம வீட்ல கை நனைப்பாங்களான்னே தெரியல."

"இது சைவம் சாப்பிடற வீடுன்னு சொல்லு. உங்கம்மா கைக் கொத்தவரங்காய தின்னுட்டு வேண்டாம்னு சொல்ற மனுஷன் இன்னும் பொறக்கல!"

சமையலறையில் ஏதோ கீழே விழுந்த சத்தம் கேட்டது. அமலோற்பவம் கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள்.

"சாப்பாடெல்லாம் எதுக்குங்க? காபி குடுத்து அனுப்பிடுவோமே."

"காபியில என்ன கைப்பக்குவம் தெரியும்? சாப்பாடுதான். அதே கொத்தவரங்காய், அதே கத்தரிக்காய்."

சனிக்கிழமை முழுக்க அமலோற்பவம் சமையலறையைச் சோடா உப்புப் போட்டுக் கழுவினாள். தஞ்சாவூர் போய்ப் புதுப் பாத்திரங்கள் வாங்கி வந்தாள். புது அரிவாள்மனை, புதுக் கரண்டி, மிக்ஸிக்குப் புது ஜார். அவள் படுகிற பாட்டைப் பார்த்துச் சவரியப்பனுக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோனது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர்கள் வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் மாயவரத்துக் கார் வந்து நின்றது. நவநீத்தின் அப்பா சாம்பசிவம் பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான, உயரமான மனிதர். நெற்றியில் விபூதி, அளந்து பேசும் பேச்சு. அம்மா ஆனந்தம் கலகலவென்று பேசினாள்.

"இவருக்கு முட்டை வாசனை பட்டாலே தலைவலி வந்துடுங்க" என்றாள் ஆனந்தம், கணவனைக் காட்டி. "ரயில்ல எதிர்ல யாராவது ஆம்லெட் சாப்பிட்டா எந்திரிச்சு வேற பெட்டிக்குப் போயிடுவாரு."

சாம்பசிவம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "தப்பா நினைக்கக் கூடாது. சாப்பிட வந்திருக்கோம், அவ்வளவுதான். முடிவு சொல்ல வரல. பிள்ளைங்க ஆசைப்படறது வேற. ஆனா சாப்பாட்டுப் பழக்கம் தலைமுறை தலைமுறையா வர்றது. ஒரு வாரத்துல மாறும்னு எனக்கு நம்பிக்கை இல்லை."

சவரியப்பனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சிரித்தார். "முதல்ல சாப்பிடுங்க சார். அப்பறம் பேசுவோம்."

வாழை இலை போட்டாயிற்று. அமலோற்பவம் புதுப் பாத்திரங்களிலிருந்து பரிமாறினாள். "நீங்க அவங்க எந்திரிச்சப்பறம் சாப்பிடுங்க, உங்களுக்குத் தனியா வெச்சிருக்கேன்" என்று புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை, விருந்தாளிக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

சாம்பசிவம் கொத்தவரங்காயை ஒரு வாய் போட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இலையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு ரசத்துக்குக் காத்திருந்தார்.

சவரியப்பனுக்குத் திக்கென்றது. தன் இலையிலிருந்து ஒரு வாய் போட்டுப் பார்த்தார்.

"என்ன அமலோ இது? சப்புன்னு இருக்கு! ரெண்டு நாளா எனக்கு வெச்சியே, அது எங்க?"

"இன்னிக்கு இதுதாங்க."

"தனியா வெச்சிருக்கேன்னு இப்பத்தானே சொன்னே?"

"அது... அது காரமா இருக்கும். அவங்களுக்கு ஒத்துக்காது."

"ஒத்துக்காம என்ன!" சவரியப்பன் எழுந்து சமையலறைக்கு நடந்தார். அடுப்புக்குப் பின்னால், மூலையில், தட்டுப் போட்டு மூடி, அதன் மேல் துணி போட்டு மறைத்து, சின்ன வாணலி ஒன்று இருந்தது. அமலோற்பவம் ஓடி வந்து அதன் மேல் கையை வைத்தாள்.

"வேண்டாங்க. காலையில வெச்சது. கெட்டுப் போயிருக்கும்."

"பூசைக்கு முன்னாடி வெச்சது பூசை முடியறதுக்குள்ள கெடுமா?" அவர் வாணலியைப் பிடித்து இழுத்தார். அவள் விடவில்லை. கண்ணால் என்னென்னவோ சொன்னாள். முப்பது வருஷமாக அவள் கண்ணால் சொன்ன எதையும் அவர் புரிந்துகொண்டதில்லை, அன்றைக்கும் அப்படித்தான். "நல்ல பண்டத்த ஒளிச்சு வெச்சுட்டுச் சப்புச் சவரு பரிமாறினா சம்பந்தம் எப்படிடி கூடிவரும்?" என்று அதட்டிவிட்டு வாணலியோடு கூடத்துக்கு வந்தார்.

ஆனந்தம் இரண்டு கையாலும் இலையை மறைத்துக்கொண்டாள். "எனக்கு வேண்டாங்க. கொத்தவரங்காய் எனக்கு வாயு."

"சார் சாப்பிடுவாரு" என்று சவரியப்பன் சாம்பசிவத்தின் இலையில் பெரிய கரண்டியால் அள்ளி வைத்தார்.

அமலோற்பவம் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு முணுமுணுத்தது. வேளாங்கண்ணி மாதாவுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டது யாருக்கும் கேட்கவில்லை. யாருக்கு மொட்டை என்று அவளும் சொல்லவில்லை.

சாம்பசிவம் ஒரு வாய் போட்டார். மென்றுகொண்டிருந்த தாடை நின்றது. தலையைத் தூக்கி எதிர்ச் சுவரைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னங்க? காரமா?" என்றாள் ஆனந்தம்.

சாம்பசிவம் கண்ணைத் திறந்து, இலையைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் வைங்க" என்றார்.

அதற்கப்புறம் அவர் ரசத்துக்குக் காத்திருக்கவில்லை. சோற்றில் அந்தப் பொரியலையே பிசைந்து சாப்பிட்டார். மூன்றாவது தடவை அவரே வாணலியை எட்டி வாங்கிக்கொண்டார். கடைசியில், அதில் ஒட்டியிருந்ததைச் சோறு போட்டுப் புரட்டித் தரச் சொன்னார். ஆனந்தம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவர் ஒரு தடவைக்கு மேல் எதையும் கேட்டு வாங்கியதில்லையாம்.

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் சாம்பசிவம் வெற்றிலையை மடித்தார். "சம்பந்தி" என்றார்.

சவரியப்பனுக்குக் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது.

"மாசி பிறந்ததும் நிச்சயம் வெச்சுக்கலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை."

"ஏங்க," என்றாள் ஆனந்தம், "வர்ற வழியெல்லாம் வேண்டாம், ஒத்துவராதுன்னுதானே சொல்லிட்டு வந்தீங்க?"

"வழியில சொன்னது வழியோட போச்சு. ஒரு வீட்டுச் சமையலப் பாத்தா மனுஷங்க எப்படிப்பட்டவங்கன்னு தெரிஞ்சுடும். இந்தச் சம்பந்தத்த விட எனக்கு மனசில்லை. கல்யாணத்துக்கு அப்பறம் மாசத்துக்கு ஒரு தடவையாவது நான் இங்க வந்து போகணும்."

சவரியப்பன் மகளுக்குப் போன் போட்டார். மாசியில் நிச்சயம் என்று சொல்லி முடிப்பதற்குள் ஆஷ்லினின் கூச்சல் கூடம் முழுக்கக் கேட்டது. அமலோற்பவம் தரையிலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பெண்ணைப் பெற்றவளுக்கு இருக்காதா என்று ஆனந்தம் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

கார் புறப்படும் நேரம். ஆனந்தம் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். சவரியப்பன் சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

"உண்மையைச் சொல்றேன் சார். வெறும் காய்கறியில இத்தனை ருசி இருக்குன்னு இந்த ஒரு வாரத்துலதான் நான் கண்டுபிடிச்சேன்."

சாம்பசிவம் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். காரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சவரியப்பனின் தோளில் கை போட்டு, மதில் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், குரலைத் தாழ்த்தினார்.

"எங்கிட்டயேவா சம்பந்தி? குடும்பத்த மாயவரத்துல விட்டுட்டு முத்துப்பேட்டைக் கடலோரத்துல தனியா இருந்து வேலை பாத்தவன் நான். அடுத்த தடவ அந்தக் கூனி இறாலை இவ்வளவு மைய அரைச்சுப் போட வேண்டாம்னு வீட்ல சொல்லுங்க, பல்லுல கொஞ்சம் படணும்."